கண்ணாடிக்குள் மூன்று அட்டைகள்

போன் அலறியபோது, இன்ஸ்பெக்டர் எவாந்தியா மவ்ரூதி அன்றைய முதல் காபியை வாய்க்குக் கொண்டு போயிருந்தாள். அவ்வளவுதான். விழுங்கவில்லை.

"மேடம்... பாடி கிடைச்சிருச்சு."

சார்ஜென்ட் மெனெலாஸ். அவன் குரலுக்குப் பின்னால் கப்பல் சங்கு ஊதியது.

"எங்கே?"

"துறைமுகத்துல. மூணாவது மேடைக்குக் கீழே. சாக்குல கட்டி, உள்ள கல்லைப் போட்டு இறக்கியிருக்காங்க."

"பொம்பளையா?"

"இன்னும் பிரிக்கலை. நீங்க வரட்டும்னு..."

கோப்பை ஸ்டேஷன் மேஜைக்கே திரும்பியது. எவாந்தியா ஓடினாள்.

இருபத்திரண்டு நாட்களாகக் காணாமல் போன ஒரு பெண்ணை அவள் தேடிக்கொண்டிருந்தாள். பொலிக்ஸேனி கராயானிஸ், வயது அறுபத்திரண்டு. கிரேக்கத் துறைமுக நகரமான வோலோஸின் தபாலாபீஸில் நாற்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியும். ஆனால் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

அலோனிசோஸ் தீவிலிருந்து வந்த காலைக் கப்பல் ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியும் பையுமாக இறங்கியவர்கள் கூட்டத்தைப் பார்த்து நின்று, கழுத்தை நீட்டி, நகர்ந்தார்கள்.

மெனெலாஸ் சாக்கின் வாயை அறுத்தான்.

நாற்றம் குப்பென்று அடித்தது.

எவாந்தியா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

"மெனெலாஸ்."

"மேடம்."

"பொலிக்ஸேனி அம்மாவோட அடையாளத்துல என்ன எழுதியிருக்கோம்?"

"உயரம் அஞ்சரை அடி, நரைச்ச முடி, மூக்குக்கண்ணாடி..."

"கொம்பு?"

மெனெலாஸ் எட்டிப் பார்த்தான். காதுவரை சிவந்தான்.

"ஆடு, மேடம்."

"தெரியுது."

அதற்குள் மறுபடி போன். அரசு வக்கீல் ராலிஸ்.

"பாடி கிடைச்சுதாமே, எவாந்தியா?"

"கிடைச்சுது சார். சொந்தக்காரன் வந்தா ஒப்படைச்சிருவோம்."

"என்ன உளர்றே?"

"ஆடு சார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"சரி. லேப் ரிப்போர்ட் நேத்தே வந்தாச்சு, ஆளையும் நேத்தே பிடிச்சு உள்ள வெச்சாச்சு. சமையலறையில அவ ரத்தம். கத்தியில அவ ரத்தம். அன்னைக்குச் சாயங்காலம் சண்டை போட்ட சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கா. புருஷன் ஏழு நாள் வாயே திறக்கலை. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"பாடி வேணும் சார். காரணமும் வேணும். இன்னொருத்தி கிடையாது. சொத்துத் தகராறு கிடையாது. குடி கிடையாது. அந்த ஆளு எதுக்காக அவங்களைக் கொல்லணும்?"

"அதை ஜட்ஜ்கிட்ட அவனே சொல்லட்டும். இன்னைக்கு நாலு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்து. கொலைன்னு எழுது."

"சார்... கொலைன்னு எழுதிட்டா, அந்த அம்மாவைத் தேடறதை நிறுத்திடுவாங்க. எங்கயாவது உயிரோட கிடந்தா? கால் ஒடிஞ்சு, மலைச் சரிவுல..."

"மூணு வாரம் ஆச்சு, எவாந்தியா."

"அதனாலதான் சார்."

"நாலு மணி," என்றார் ராலிஸ். போன் செத்தது.

அப்போது மணி ஒன்பதே கால்.

*

லாக்கப்பில் டிமோலியோன் கராயானிஸ் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, டாக்டரைப் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டிமோஸ்.

எவாந்தியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டரம்மா, நல்லவேளை வந்தீங்க. ஒரு முக்கியமான விஷயம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு வார விசாரணையில் முதல் தடவையாக அந்த மனிதர் தானாக வாயைத் திறக்கிறார்...

"சொல்லுங்க டிமோஸ் ஐயா."

"கண்காட்சி ஹால்ல ஏசி போட்டிருக்காங்களா? ஈரம் ஏறினா அட்டை வளைஞ்சிடும்."

எவாந்தியா கண்களை மூடித் திறந்தாள்.

"உங்க மனைவியோட ரத்தம் சமையலறை மேடையில இருக்கு."

"இருக்கும்."

"இருக்கும்னா?"

"நான் அந்த அடுப்பு மேடைப் பக்கமே போறதில்லைம்மா. எப்பப் பார்த்தாலும் ஆவி. ஸ்டாம்ப்பைத் தொடற கைக்கு அது ஆகாது."

"செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி என்ன சண்டை?"

"சண்டைன்னு சொல்ல முடியாது. எங்கயாவது போகலாம்னா. ஒரு வாரம், ரெண்டு பேருமா. கண்காட்சிக்கு இருபத்திரெண்டு நாள் இருக்கு, எண்பது பக்கம் ஒட்டணும், இப்பப் போய் ஊர் சுத்தவா முடியும்னு கேட்டேன்."

"அதுக்கு அவங்க?"

"'இனிமே நீ என்னைப் பார்க்கவே மாட்டே'ன்னா. கதவை டமார்னு சாத்தினா. மேஜை ஆடிப்போச்சு. கையில இடுக்கியில டெல்பி கோயில் ஸ்டாம்ப்... அதோட ஓரத்துப் பல்வரிசை கிழியாம தப்பிச்சது பெரிய விஷயம்."

"அவங்க காணாமப் போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து கதவைத் தட்டினீங்களே, அப்ப."

"அது அக்டோபர் அஞ்சு. அதுவும் பக்கத்து வீட்டம்மா எங்களுக்குச் சொன்னதால. ஏழு நாள் வீட்ல பொண்டாட்டி இல்லைன்னு ஒரு மனுஷனுக்குத் தெரியாதா?"

"ஃப்ரிட்ஜ்ல ஏழு டப்பா இருந்தது. அரிசி அடைச்ச குடைமிளகாய். ஒவ்வொண்ணு மேலயும் கிழமை எழுதி ஒட்டியிருந்தா." டிமோஸ் யோசித்தார். "ஏழாவது டப்பா காலியானப்ப எனக்கும் என்னமோ சரியில்லையேன்னு பட்டுது."

மூலையில் நின்ற மெனெலாஸ் இருமினான்.

எவாந்தியா மேஜை மேல் ஒரு போட்டோவை வைத்தாள்.

"காணவில்லை விளம்பரத்துக்கு அவங்க படம் கேட்டோம். நீங்க குடுத்தது இது. கல்யாண போட்டோ. எந்த வருஷம்?"

"எண்பத்தி நாலு."

"இதை வெச்சுக்கிட்டு ஒரு நாடே அவங்களைத் தேடுது, ஐயா. தலையில பூவோட இருபத்திரண்டு வயசுப் பொண்ணைத் தேடுது. இப்ப எடுத்த படம் ஒண்ணுகூடவா இல்லை?"

"ஸ்டாம்ப்புங்க எல்லாத்துக்கும் இருக்கு," என்றார் டிமோஸ், உதவி செய்யும் ஆசையோடு. "முன்பக்கம், பெரிசாக்கினது, ஓரம் தனியா. வேணும்னா தர்றேன்."

"கடிதம்? போன்? அவங்ககிட்டருந்து எதுவும் வரலையா?"

"கடிதம் வாரத்துக்கு நாற்பது வரும். எல்லாம் நம்மளோட ஸ்டாம்ப் மாத்திக்கிறவங்க அனுப்பறது."

"உங்க மனைவி எழுதினது?"

டிமோஸ் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவ எதுக்கும்மா எனக்குக் கடிதம் எழுதறா? ஒரே வீட்லதானே இருக்கோம்."

எவாந்தியா எழுந்து வெளியே வந்தாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது. அந்த ஸ்டேஷனில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

"மேடம்," என்றான் மெனெலாஸ் மெதுவாக. "வேற பொம்பளை யாராவது இருக்காளான்னு இன்னொரு தடவை விசாரிக்கட்டுமா?"

"இருக்கற பொம்பளையே அந்த ஆளு கண்ணுல படலைடா."

அடுத்த போன் அப்போது வந்தது.

"இன்ஸ்பெக்டர் மவ்ரூதியா? நான் க்ரிஸாந்தோஸ் பெல்டெகாஸ். வோலோஸ் தபால்தலைச் சங்கத் தலைவர். டிமோஸ் கராயானிஸ் பத்தி ஒரு பெரிய உண்மை தெரிஞ்சிருக்கு. போன்ல சொல்ல முடியாது. உடனே வாங்க. அந்த ஆளு எல்லாரையும் ஏமாத்தியிருக்கான்."

எவாந்தியாவின் கை காரின் சாவியைத் தேடியது. மெனெலாஸும் பின்னால் ஓடினான்.

*

பழைய புகையிலைக் கிடங்கைக் கண்காட்சி ஹாலாக மாற்றியிருந்தார்கள். வாசலில் நீலத் துணியில், 'கிரேக்க மரபும் இயற்கையும்: தபால்தலைக் கண்காட்சி.' உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள். அதற்கு முன்னால் வயதான ஆண்கள், குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

க்ரிஸாந்தோஸ் பல் டாக்டராக இருந்தவர். கழுத்தில் வில் டை, அதற்குக் கீழே கயிற்றில் ஒரு லென்ஸ். அவளை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, நான் சொல்றதைக் கேட்டு அதிர்ச்சி அடையாதீங்க."

"சொல்லுங்க."

"பதினேழாம் நம்பர் சட்டம். டிமோஸோடது. அதுல மூணு அட்டை... அவன் வாங்கவே முடியாத அட்டைங்க."

எவாந்தியா காத்திருந்தாள். அவர் அவ்வளவோடு நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? அம்மணி, இந்தப் போட்டியில தங்கப் பதக்கம் இருக்கு."

"ஐயா, நான் ஒரு பொம்பளையைத் தேடிக்கிட்டிருக்கேன். அவங்க உயிரோட இருக்காங்களான்னே தெரியலை. நாலு மணிக்கு அவங்க செத்துட்டாங்கன்னு நானே கையெழுத்துப் போடணும். நீங்க என்னை அட்டை பார்க்கக் கூப்பிட்டிருக்கீங்க."

"ரெண்டும் ஏமாத்து வேலைதானே?" என்றார் க்ரிஸாந்தோஸ், புண்பட்டவராக.

அவள் திரும்பி நடந்தாள். அவர் விடவில்லை. கூடவே வந்தார்.

"ஒரே நிமிஷம், அம்மணி. இது சாதாரண அட்டை இல்லை. மேக்சிமம் கார்டு. பட அட்டையோட படம் இருக்கற பக்கத்துலயே ஸ்டாம்ப் ஒட்டணும். படத்துல கூழைக்கடான்னா ஸ்டாம்ப்புலயும் கூழைக்கடா. அதுங்க வாழற ஊரு எதுவோ அந்த ஊர் தபாலாபீஸ் முத்திரை. மூணும் பொருந்தணும். அஞ்சல்ல போட்டா பெரிய ஊர் மெஷின்ல நசுக்கி அனுப்பிடுவான். கிராமத்துக்கு நேர்ல போய், கவுண்டர்ல நின்னு, கெஞ்சிக் கையால குத்தி வாங்கணும். ப்ரெஸ்பா ஏரிக்கரை ஆபீஸுக்கு நான் மூணு தடவை எழுதிட்டேன். பதிலே இல்லை. வோலோஸை விட்டு நகராத இந்த ஆளுக்கு எப்படிக் கிடைச்சுது? அதுவும் இந்த மாசத் தேதியில?"

எவாந்தியாவின் கால் நின்றது.

"எந்த மாசத் தேதி?"

"அக்டோபர்."

"காட்டுங்க."

பதினேழாம் நம்பர் சட்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கூழைக்கடா ஏரியைப் பார்த்து நின்றது. அதன் மூலையில் அதே பறவை, தபால்தலையில். தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு வட்ட முத்திரை. எழுத்து ஒன்றுகூடக் கலங்கவில்லை.

ப்ரெஸ்பா. அக்டோபர் மூன்று.

அடுத்தது மொனெம்வாசியாக் கோட்டை. அக்டோபர் ஒன்பது.

அதற்கடுத்தது பாறை மேல் ஒரு கடல்நாய். அலோனிசோஸ். அக்டோபர் பதினாலு.

வடக்கே ஏரி. தெற்கே கோட்டை. அப்புறம் தீவு. யாரோ ஒரு ஆள் இந்த மூன்று ஊருக்கும் வரிசையாகப் போயிருக்கிறார். செப்டம்பர் இருபத்தெட்டுக்குப் பிறகு.

எவாந்தியா மூன்று தேதிகளையும் கண்ணாடி மேல் விரலால் தொட்டு எண்ணினாள்.

"ஐயா... இவ்வளவு சுத்தமா முத்திரை குத்தச் சொல்லி வாங்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்?"

"ஒன்பது பேர். ஒன்பது பேருமே சங்கத்துக்காரங்க. டிமோஸ் உங்க லாக்கப்புல. மிச்சம் எட்டுப் பேரும் இங்கதான் நிக்கறோம். ஒருத்தரும் ஊரை விட்டுப் போகலை. ஒட்டற வேலையே முடியலை, எங்க போறது?"

"ஒன்பது பேர்தானா?"

"ஒன்பதுதான்." க்ரிஸாந்தோஸ் தாடையைத் தடவினார். "இன்னொருத்தி இருந்தா. கவுண்டர்ல. முத்திரைக் கட்டையை எப்படிப் பிடிக்கணும், மையை எப்படி ஒத்தி எடுக்கணும்... எங்க எல்லாருக்கும் அவதான் சொல்லிக் குடுத்தா. பொலிக்..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"மெனெலாஸ்," என்றாள் எவாந்தியா. "கண்ணாடியைக் கழட்டு."

குனிந்திருந்த கிழவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அம்மணி, கூடாது," க்ரிஸாந்தோஸ் சட்டத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "நடுவருங்க மதிப்பெண் போட்டு முடிக்கல. அதுவரைக்கும் சட்டத்தைத் திறக்கக் கூடாது. விதி."

"நகருங்க."

"தபால்தலைச் சம்மேளனத்துக்கு எழுதுவேன்."

"எழுதுங்க. நல்ல ஸ்டாம்ப்பா ஒட்டி அனுப்புங்க. மெனெலாஸ், என்னடா பார்க்கறே?"

திருகாணி ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடி விலகியது. எவாந்தியா கூழைக்கடாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வெறுங்கையாலயா?" யாரோ பின்னாலிருந்து முனகினார். யாரோ நாற்காலி கேட்டார்.

அவள் அட்டையைத் திருப்பினாள்.

பின்பக்கம் முழுக்க எழுத்து. நெருக்கமான, சாய்ந்த, பேனா எழுத்து.

*டிமோ, ப்ரெஸ்பாவுல இருக்கேன். கூழைக்கடா எல்லாம் கிளம்பிடுச்சு, பதினொண்ணுதான் மிச்சம். ஆனா நிஜமானது. அசையுது. நாத்தம் அடிக்குது. உனக்குக் காட்டணும்னு தோணிச்சு. கோபம் போயிடுச்சு. இதைப் படிச்சதும் பஸ் ஏறு. ஆறாம் தேதி வரைக்கும் இங்க இருப்பேன்.*

மொனெம்வாசியா.

*நீ வரலை. உன் ஆல்பத்துல இந்தக் கோட்டை நீலமா இருக்கும். பொய். துருப்பிடிச்ச கலர். படி ஏறி முட்டி வலிக்குது. ரூம்ல ரெண்டு கட்டில். பன்னெண்டு வரைக்கும் பார்ப்பேன்.*

கடல்நாய்.

*டிமோ, இதுதான் கடைசி. இந்தப் பிராணி காலையிலேருந்து பாறை மேல படுத்திருக்கு, யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கலை. உன் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வரைக்கும் காத்திருப்பேன். வரலைன்னா வீட்டுக்கு வருவேன். ஸ்டாம்ப்பை எதுக்காக அச்சடிக்கறாங்களோ, உன் ஸ்டாம்ப்பை அதுக்கு உபயோகப்படுத்துவேன். பொலிக்ஸேனி.*

எவாந்தியா மூன்று அட்டைகளையும் க்ரிஸாந்தோஸ் முன்னால் நீட்டினாள்.

"இதை அந்த ஆளு படிக்கவே இல்லையா?" என்றாள் எவாந்தியா. "மூணு அட்டை வந்திருக்கு. கையால எடுத்து ஒட்டியிருக்கான். திருப்பிப் பார்க்கலையா?"

க்ரிஸாந்தோஸ் தரையைப் பார்த்தார்.

"பின்பக்கத்தை நாங்க யாரும் பார்க்கறதில்லை, அம்மணி. அதுக்கு மதிப்பெண் கிடையாது."

"கவர்ல வெச்சுத்தானே வந்திருக்கும்? அது மேல இருந்த கையெழுத்து?"

"ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைக் குப்பையில போட்டிருப்பான். யாரு முகவரியைப் படிக்கறாங்க? அவனவன் முகவரி அவனவனுக்குத் தெரியுமே."

உயிரோடு இருக்கிறாள். ஒரு வாரம் முன்பு வரையாவது இருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு என்ன தேதி, மெனெலாஸ்?"

"இருபது, மேடம்."

எவாந்தியாவின் போன் அடித்தது. ஸ்டேஷன்.

"மேடம், கராயானிஸ் வீட்டுப் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டாங்க. சீல் வெச்ச வீட்டுக்குள்ள செத்துப்போன அம்மா நடமாடறாங்களாம். பார்த்துட்டு மயங்கி விழுந்தாங்களாம். இப்ப எழுந்து போன் பண்றாங்களாம்."

*

போலீஸ் டேப் நடுவில் கத்தரிக்கப்பட்டு, அழகாகச் சுருட்டி, வாசல் படியில் வைக்கப்பட்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. எவாந்தியா துப்பாக்கியில் கை வைத்தபடி உள்ளே நுழைந்தாள்.

சமையலறை மேஜையில் ஒரு பெண். நரைத்த முடி, மூக்குக்கண்ணாடி, வெயிலில் கறுத்த முகம். இடது கட்டை விரலில் ஆறிவரும் தையல் தழும்பு. எதிரே பதினாறு தடித்த ஆல்பங்கள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்சு, கொஞ்சம் வெள்ளைக் கவர்.

"உட்காருங்க இன்ஸ்பெக்டர்," என்றாள் பொலிக்ஸேனி. "காபி போடட்டுமா?"

எவாந்தியா உட்கார்ந்தாள்.

"நீங்க... உயிரோட இருக்கீங்க."

"ஆமாம். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதுதான் அதிர்ச்சி."

"மேடையில ரத்தம்?"

"சண்டை முடிஞ்சு, அன்னைக்கு ராத்திரி ஏழு நாளைக்குக் குடைமிளகாய் வெட்டினேன். ஆறாவது நாளுக்கு வெட்டறப்ப விரல்ல பட்டுடுச்சு. தையல் போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன். தொடைக்கலை. இவர் தொடைப்பார்னு நினைச்சேன். அது என் தப்பு."

"நாங்க உங்களை நாடு பூரா தேடினோம்."

"பார்த்தேன். மொனெம்வாசியாவுல பேக்கரிச் சுவத்துல என் கல்யாண போட்டோ. பேக்கரிக்காரன் 'யாரு பெத்த பொண்ணோ, பாவம்'னான். நானும் 'பாவம்'னேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அம்மா!"

"யாருக்கு? அவருக்கா? அவர் அட்டையைத் திருப்பறாரா இல்லையான்னு பார்க்கத்தானே போனேன்." அவள் ஒரு கவரை நேராக்கினாள். "காலையில துறைமுகத்துல உங்களைப் பார்த்தேன். பேசலாம்னு வந்தேன். எல்லாரும் ஒரு ஆட்டைச் சுத்தி நின்னுட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு வந்துட்டேன்."

எவாந்தியா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று மெனெலாஸுக்குத் தெரியவில்லை. அவன் மரியாதையாக ஃப்ரிட்ஜைப் பார்த்தான்.

"உங்க புருஷன் லாக்கப்புல இருக்கார். உங்களைக் கொன்னதா நாலு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தணும்."

"பக்கத்து வீட்டுக்காரி மயங்கி விழறதுக்கு முன்னாடி அதைச் சொல்லித்தான் கத்தினா. கவர் முடிஞ்சதும் வரலாம்னு இருந்தேன்."

"என்ன கவர்?"

பொலிக்ஸேனி ஒரு ஆல்பத்தைத் திருப்பிக் காட்டினாள். காலி. அடுத்தது. காலி. கருப்புப் பக்கங்களில் சின்னச் சின்ன வெற்றிடங்கள்.

"நன்றிக் கடிதம். இந்த மூணு வாரத்துல ரூம் குடுத்தவங்க, சோறு போட்டவங்க, படகுல கூட்டிட்டுப் போனவங்க. அப்புறம் முப்பது வருஷமா நான் கடிதம் எழுதாத சொந்தக்காரங்க. நூத்தி நாற்பது கவர், கடிதம் எல்லாம் போற வழியிலேயே எழுதிட்டேன். சரியான கட்டணம்தான் ஒட்டினேன், ஒரு காசுகூட அதிகமா இல்லை. யூரோ வர்றதுக்கு முந்தின த்ரக்மா ஸ்டாம்ப் ஆல்பம் எதையும் அலமாரியிலேருந்து எடுக்கலை. அது இப்ப செல்லாது."

"எல்லாம்... போட்டாச்சா?"

"பதினொரு மணிக்குத் தபால்பெட்டியைத் திறப்பாங்க. அதுக்கு முன்னாடி போட்டுட்டேன். எனக்குத் தெரியாத நேரமா?"

"அந்த மனுஷன் நாற்பது வருஷமா சேர்த்தது, அம்மா."

"எல்லாம் என் கவுண்டர்ல வாங்கினதுதான். முதல் நாள் வந்து, 'ஓரம் கிழியாம குடுங்க'ன்னார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இவ்வளவு பத்திரமா பார்த்துக்கற ஆளு என்னையும் பார்த்துப்பார்னு நினைச்சேன்." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். "ஒரே ஒரு கவர் மிச்சம். ஸ்பாஞ்சு பிசுபிசுன்னு ஆயிடுச்சு. என் நாக்கும் வறண்டு போச்சு."

கவரையும் தபால்தலையையும் மேஜையில் தள்ளினாள். கிரீட் தீவின் காட்டாடு. புத்தம் புதுசு. பசை பளபளத்தது.

எவாந்தியா அதைப் பார்த்தாள். இருபத்திரண்டு நாள். ஏசி போட்டிருக்காங்களா. ஏழாவது டப்பா. ஸ்டாம்ப்புக்கு எல்லாம் போட்டோ இருக்கு...

தபால்தலையை எடுத்தாள்.

நாக்கை நீட்டினாள்.

நீளமாக, நிதானமாக, ஒரு மூலை விடாமல் ஈரமாக்கினாள். கவரில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள்.

"மேடம்..." என்றான் மெனெலாஸ்.

"நீ எதையும் பார்க்கலை."

*

மணி மூன்றரை. லாக்கப்.

"டிமோஸ் ஐயா, நல்ல சேதி. உங்க மனைவி உயிரோட இருக்காங்க. வாசல்ல நிக்கறாங்க."

"அப்படியா? நல்லது," என்றார் டிமோஸ். "நான் சொன்னேனே. ஹால்ல ஏசி..."

"அந்த மூணு அட்டையும் அவங்க அனுப்பினதுதான்."

டிமோஸின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் எவாந்தியா பார்த்த முதல் சிரிப்பு.

"அவளா? அதான் முத்திரை அவ்வளவு சுத்தம். கைதேர்ந்தவ."

"பின்பக்கம் உங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தாங்க. வரச் சொல்லி. மூணு தடவை."

"பின்பக்கமா?" சிரிப்பு சற்றுக் கலங்கியது. "பேனாவாலயா? அழுத்தி எழுதிட்டாளா? முன்பக்கம் தெரியுதா?"

எவாந்தியா பெருமூச்சு விட்டாள். பிறகு, தன் வாழ்க்கையிலேயே மிக நிதானமாக, மிச்சத்தையும் சொன்னாள். பதினாறு ஆல்பம். நூற்றி நாற்பது கவர். மஞ்சள் தபால்பெட்டி. பதினொரு மணி. ஸ்பாஞ்சு.

முதலில் டிமோஸுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. எழுந்தார். கம்பியைப் பிடித்தார். அறுபத்தாறு வயது பூகோள வாத்தியாரின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கம்பி கடகடவென்று ஆடியது.

"கொன்னுடுவேன் அவளை! விடுங்க என்னை! இந்தக் கையாலயே கழுத்தை நெரிச்சுக் கொல்றேன்... கொல்றேன்!"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொலிக்ஸேனி, நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி அவர் இவ்வளவு ஆவேசமாகப் பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அரசு வக்கீல் ராலிஸ்.

"என்ன எவாந்தியா, நாலு ஆகப் போகுது. கேஸ் என்ன நிலைமையில இருக்கு?"

எவாந்தியா கம்பிக்குள் துள்ளும் மனிதரை ஒரு தடவை பார்த்தாள். காலையில் ஆறவிட்டுப் போன காபியை எடுத்து ஒரே வாயில் குடித்தாள்.

"சார், இத்தனை நாளாத் தேடின காரணம் கிடைச்சிருச்சு. சாட்சி கிடைச்சிருச்சு. வாக்குமூலமும் இப்பக் குடுத்துக்கிட்டிருக்கான். கொலை ஒண்ணுதான் இன்னும் நடக்கலை."